காரணம் தெரியவில்லை

ஏல எண் அறுபத்து மூன்று.
பீச் ஸ்ட்ரீட் மாடி, ஈரம் அளந்து வைத்த அறை,
மேசைமேல் வெள்ளைத் துணியில் வயலின்.
கிரெமோனா என்கிறது உள்ளே ஒட்டிய காகிதம்.
மர வளையங்களை எண்ணிய லண்டன் நிபுணர்
இல்லை என்கிறார், நாற்பது ஆண்டு பிந்தியதாம்.
அந்த நாற்பது ஆண்டில்
தஞ்சோங் பூங்காவில் ஒரு பங்களா
கரைந்து போனது.

கைமாறிய கதையை நான் தட்டச்சு செய்கிறேன்.

1891. மெக்ரே துரை, நிபோங் திபால் கரும்புத் தோட்டம்.
மனைவிக்காக, அறுபது பவுன்.
அவள் மூன்று மழைக்காலம் வாசித்தாள்,
நான்காவதில் காய்ச்சல்.
(கரும்பு வெட்டியவனுக்கு அன்று நாட்கூலி பன்னிரண்டு காசு.
கேட்டலாக்கில் இது வராது. சும்மா
பெருக்கிப் பார்த்தேன்.)

1923. அலோஷியஸ் ஒலிவேரோ.
பேசாப் படங்களுக்குத் திரைக்குக் கீழே
நாற்காலி போட்டு இருட்டில் வாசித்தவர்.
நானூறு வெள்ளி, பதினாறு தவணை.
படம் பேசத் தொடங்கியது, இவர் அடகுக்கடைக்குப் போனார்.
கூ செங் ஹுவாட் பேரேட்டில்
மூன்றே ஆண்டில் மூழ்கியது.

1943. அதே பேரேடு, ஒரே வரி:
விற்றது. வாழைமர நோட்டு எண்பது.
வாங்கியவர் பெயர் இல்லை.

1946. பல் மருத்துவர் ஓங் குடும்பம். ரசீது இல்லை.
அதன்பின் கண்ணாடி அலமாரி,
பக்கத்தில் பீங்கான் குதிரை, கோப்பைகள்.
ஒருவரும் வாசிக்கவில்லை.

பவுனுக்குப் பிறகு எல்லாமே வெள்ளிதான் நமக்கு.
ராணி தலை போட்டதும் வெள்ளி,
வாழைக்குலை போட்டதும் வெள்ளி,
நாளை மறுநாள் சுத்தியல் தட்டப்போவதும் வெள்ளி.

"மூன்று ஆண்டு இடைவெளி விலையைத் தின்னும்"
என்றார் நிபுணர் தொலைபேசியில்.
பிறகு குறைகளைச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.
முதுகில் விரிசல், ஒட்டியிருக்கிறது.
விரற்பலகையில் எண்ணெய் ஏறிய கறுப்பு.
தலைச் சுருளின் கன்னத்தில் ஆழமான தேய்மானம்,
காரணம் தெரியவில்லை.
ஐந்து விழுக்காடு கழிக்கவும்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு
கதவைச் சாத்தினேன்.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டேன்.
சுருளை வலது கணுக்காலில் ஊன்றினேன்.
பள்ளம் எலும்பைத் தேடவேயில்லை.

எனக்கும் அங்கே ஒரு காய்ப்பு உண்டு.
தண்ணீர்மலை அடிவாரத்தில் ஆறு வருடம்,
செவ்வாய், வெள்ளி.
கற்பனை ஸ்வரம் வருவதற்குள்
கணக்கியல் வந்துவிட்டது.

துரைசானி தரையில் உட்கார்ந்திருக்கமாட்டாள்.
மீதி இருப்பது அந்த மூன்று ஆண்டு.
மரம் மூன்று ஆண்டில் இவ்வளவு தேயுமா?
அரிசிக்குக் கூப்பன் வாங்கிய ஊரில்,
விளக்கை மறைத்து வைத்த இரவுகளில்,
வேறு எதுவும் செய்ய முடியாதவர் ஒருவர்
விரலுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டு...
தேயும்.

துறைமுகக் கிராணியா?
நாகப்பட்டினத்திலிருந்து கச்சேரிக்கு வந்து
திரும்பிப் போகக் கப்பல் இல்லாமல் மாட்டிக்கொண்டவரா?
ஆணா, பெண்ணா?
சயாம் மரண ரயிலுக்குப் பெயர் கொடுக்கும்வரை
யாரிடம் இதை ஒப்படைத்தார்?
கணுக்காலுக்குப் பெயர் கிடையாது.

அறிக்கையில் சேர்த்தேன்:
1943 முதல் 46 வரை, தரையில் அமர்ந்து வாசித்த ஒருவர்.
திருமதி சியூ சிவப்பில் அடித்தார்.
"ஊகத்தை நாம் விற்பதில்லை, மங்களேஸ்வரி."

சுத்தியல் மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தில் விழுந்தது.
ஹாங்காங் தொலைபேசி. முகம் இல்லை.
ஓங் வீட்டு மருமகள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நேற்று புதிய உரிமையாளரிடமிருந்து ஒரு கேள்வி:
சுருளை நிரப்பிச் செதுக்கிப் பழையபடி ஆக்கலாமா?
செய்தால் விலை ஏறுமாமே?

சுங்கை பட்டாணியில் ஒரு மரவேலைக்காரர் இருக்கிறார்.
இரண்டே வாரத்தில் முடித்துவிடுவார்.
அவர் எண் என்னிடம் இருக்கிறது.

கிரெமோனா என்று அந்தக் காகிதம்
நூறு ஆண்டுக்கு மேல் உள்ளே கிடந்து பொய் சொல்லியிருக்கிறது.
நான் ஒரு வரி சொன்னேன்:

மரம் தாங்காது. அப்படியே விடவும்.